கடல் வாசலில் ஒரு கல்லூரி

தொழில் நசித்த ஊருக்குக் கை கொடுக்கும் படிப்பு!

ஆறு கடலில் கலக்கும் இடத்தை முகத்துவாரம் என்பார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு முகத்துவாரம் இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னால் அனுபவம் மிகுந்த மாலுமிகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

அது கொலம்பியா ஆற்றின் முகத்துவாரம். இந்த ஆறு கனடா நாட்டு மலைகளில் பிறக்கிறது. 1,243 மைல் ஓடி வந்து பசிபிக் மகா சமுத்திரத்தில் விழுகிறது. ஆற்று வெள்ளம் கடலை நோக்கித் தள்ளும். கடல் அலை ஆற்றை நோக்கித் தள்ளும். நடுவில் மணல் மேடு. கடல் வற்றும் நேரத்தில் காற்றும் சேர்ந்துகொண்டால் போதும். அலைகள் சுவர் போல எழுந்து நிற்கும்.

1792-ம் ஆண்டில் ராபர்ட் கிரே என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் இந்த ஆற்றுக்குள் நுழைந்தார். அவருடைய கப்பலின் பெயர்தான் ஆற்றுக்கு வந்தது. அதற்குப் பிறகு இந்தப் பகுதியில் மூழ்கிய கப்பல்களும் படகுகளும் சுமார் 2,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் கடலுக்குப் “பசிபிக்கின் இடுகாடு” என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முகத்துவாரத்தின் வடகரையில் ஒரு பாறை முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் “ஏமாற்ற முனை”. 1788-ம் ஆண்டில் ஜான் மியர்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி ஆற்றைத் தேடி இங்கே வந்தார். ஆறு எதிரே இருந்தது. அவர் அதை ஆறு என்று அறியாமல் திரும்பிப் போனார். போகும்போது இந்தப் பெயரை வைத்துவிட்டுப் போனார்.

தென்கரையில் சில மைல் உள்ளே தள்ளி ஒரு மலைச் சரிவு. அந்தச் சரிவில் ஒரு சிறிய ஊர். அதன் பெயர் அஸ்டோரியா. ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்த ஊரின் ஜனத்தொகை 10,000-க்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்.

இந்தச் சிறிய ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது. கிளாட்சாப் சமுதாயக் கல்லூரி என்பது அதன் பெயர். கிளாட்சாப் என்பது இந்த ஆற்றங்கரையில் ஆதியிலிருந்து வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயர்.

பத்தாயிரம் பேர் உள்ள ஊருக்குக் கல்லூரி எதற்கு? பெரிய நகரத்துக்குப் போய்ப் படித்தால் ஆகாதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால், அந்த ஊர் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தொழிலை நம்பிய ஊர்

அஸ்டோரியாவை உண்டாக்கியது ஒரு வியாபாரம். ஜான் ஜேக்கப் அஸ்டார் என்ற பெரும் பணக்காரர் நியூயார்க்கில் இருந்தார். மிருகங்களின் மென்மயிர்த் தோலை வாங்கி விற்பது அவர் தொழில். அவருடைய கம்பெனி ஆட்கள் 1811-ம் ஆண்டில் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். முதலாளியின் பெயரே ஊருக்கு வந்தது. ஆனால் மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. யுத்தம் வந்தது. 1813-ல் கோட்டை எதிரிக் கம்பெனியின் கைக்கு மாறிவிட்டது.

அடுத்து வந்தது மீன். கொலம்பியா ஆற்றில் சால்மன் என்ற மீன் ஏராளம். அது கடலில் வளரும். முட்டையிடுவதற்கு ஆற்றை எதிர்த்து நீந்தி, தான் பிறந்த இடத்துக்கே திரும்பி வரும். அப்படி வரும்போது வலையில் சிக்கும். 1866-ம் ஆண்டில் இந்த ஆற்றங்கரையில் முதன்முதலாக மீனை வேகவைத்துத் தகர டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஏற்பட்டது. பிறகு ஒன்றன் பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. 1883-ம் ஆண்டில் மட்டும் இந்த ஆற்றில் பிடிபட்ட பெரிய சால்மன் மீன் 4 கோடி ராத்தலுக்கு மேல்! ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

பின்லாந்திலிருந்து வந்தவர்கள் வலை வீசினார்கள். சீனத் தொழிலாளர்கள் மீனை அறுத்து டப்பாவில் அடைத்தார்கள். அஸ்டோரியாவில் பணம் புரண்டது.

மூன்றாவது, மரம். சுற்றிலும் காடு. ஊர் ஓரத்தில் பெரிய மரம் அறுக்கும் ஆலை. அந்த ஆலையில் வேலை செய்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள்!

கதர் கட்சி பிறந்த ஊர்

இந்தியச் சரித்திரத்தில் அஸ்டோரியாவுக்கு ஓர் இடம் உண்டு. பஞ்சாபிலிருந்து கப்பலேறிய விவசாயிகள் பலர் இந்த மர ஆலையில் கூலி வேலை செய்தார்கள். பகலில் மரம் சுமந்தார்கள். இரவில் தாய்நாட்டைப் பற்றிப் பேசினார்கள்.

1913-ம் ஆண்டில் இந்த ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. பின்லாந்துத் தொழிலாளர்கள் கட்டிய மண்டபத்தில் இந்தியத் தொழிலாளர்கள் கூடினார்கள். லாலா ஹர்தயாள் வந்து பேசினார். இந்தியாவின் விடுதலைக்கு ஆயுதம் எடுத்துப் போராடுவது என்று முடிவு செய்த கதர் கட்சி இங்கேதான் உருவெடுத்தது. கதர் என்றால் கலகம், புரட்சி என்று பொருள். நூற்கிற கதர் வேறு. இந்தக் கதர் வேறு. சோஹன் சிங் பக்னா அதன் தலைவர் ஆனார். அவரும் ஒரிகன் மர ஆலையில் உழைத்த தொழிலாளிதான். நூறு வருஷம் கழித்து, 2013-ல் அஸ்டோரியா மக்கள் அதை நினைவுகூர்ந்து விழா எடுத்தார்கள்.

அந்த மர ஆலை என்ன ஆயிற்று? 1922-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தீப்பிடித்து எரிந்தது. மறுபடி யாரும் அதைக் கட்டவில்லை. அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஊரின் கடைவீதியே பற்றி எரிந்தது. சுமார் 30 வீதித் தொகுதிகள் சாம்பலாயின.

மீன் தொழிலும் தேய்ந்தது. அளவுக்கு மீறிப் பிடித்தார்கள். காடுகளை வெட்டியதால் மீன் முட்டையிடும் ஓடைகள் கெட்டன. ஆற்றின் குறுக்கே அணைகள் எழும்பின. 1942-ல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் மீன் ஏறிப் போக வழியே வைக்கவில்லை. அந்த அணைக்கு மேலே உள்ள நூற்றுக்கணக்கான மைல் ஆறு சால்மனுக்கு அடைபட்டுப் போயிற்று. கடைசியாக, 1980-ம் ஆண்டில் அஸ்டோரியாவின் பெரிய மீன் டப்பாத் தொழிற்சாலை கதவைச் சாத்தியது.

1920-ல் இந்த ஊரில் 14,000 பேர் இருந்தார்கள். நூறு வருஷத்தில் நாடு முழுவதும் ஜனத்தொகை மூன்று பங்காகப் பெருகியது. இந்த ஊரில் மட்டும் 4,000 பேர் குறைந்தார்கள். பிழைப்பைத் தேடி வாலிபர்கள் வெளியேறினார்கள். அதுதான் காரணம்.

தோல் போயிற்று. மரம் எரிந்தது. மீன் சுருங்கியது. ஒரு தொழிலை மட்டும் நம்பி வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் மூன்று முறை அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

கல்லூரி வந்த கதை

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்பது ஒரு தனி வகை. பல்கலைக்கழகம் வேறு, இது வேறு. இங்கே படிப்பு இரண்டே வருஷம். கட்டணமும் குறைவு. உள்ளூர் மக்களுக்காக, உள்ளூரிலேயே நடப்பது.

இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் தொடங்கிய கல்லூரிதான் இந்த வகையில் சர்க்கார் பணத்தில் நடப்பவற்றில் மிகப் பழையது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய படிப்புச் செலவை ஏற்பதற்கு 1944-லேயே சட்டம் செய்திருந்தார்கள். ஆனால் அத்தனை பேருக்கும் பல்கலைக்கழகங்களில் இடம் ஏது?

ஜனாதிபதி ட்ரூமன் ஒரு கமிஷன் அமைத்தார். “வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் கல்லூரி வேண்டும், ஊருக்கு எது தேவையோ அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்” என்ற கருத்தை அந்தக் கமிஷன் 1947-ல் வற்புறுத்தியது. அதன் பிறகுதான் “சமுதாயக் கல்லூரி” என்ற பெயர் நாடெங்கும் பரவியது. இன்று அமெரிக்காவில் இப்படிப்பட்ட கல்லூரிகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரிகன் மாநிலத்தில் மட்டும் 17.

அஸ்டோரியாவில் கல்லூரி ஏற்பட்டது 1958-ம் ஆண்டில். ஊரின் பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டிடமே பின்னால் கல்லூரிக் கட்டிடமாயிற்று. மலைச் சரிவில் நிற்கும் அந்தக் கட்டிடத்திலிருந்து பார்த்தால் ஆறும், நங்கூரம் போட்ட கப்பல்களும் தெரியும்.

1966-ல் ஆற்றின் குறுக்கே நான்கு மைல் நீளமான பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு அக்கரைக்குப் போக வேண்டுமானால் படகுதான். பாலம் வந்த பிறகு, எதிர்க்கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்துக் கிராமத்தாரும் இந்தக் கல்லூரிக்கு வரத் தொடங்கினார்கள்.

யார் சேரலாம்?

யார் வேண்டுமானாலும் சேரலாம். “இவ்வளவு மார்க் இருந்தால்தான் உள்ளே விடுவோம்” என்று சொல்வதில்லை. சமுதாயக் கல்லூரிகளின் முதல் சட்டம் இதுதான். நர்ஸ் படிப்பு போன்ற சில வகுப்புகளுக்கு மட்டும் இடம் குறைவு என்பதால் தேர்வு உண்டு.

பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டவர் வந்தால் என்ன செய்வார்கள்? அவருக்கும் வழி இருக்கிறது. பள்ளி இறுதிக்குச் சமமான பரீட்சை ஒன்று உண்டு. யுத்தத்துக்குப் போனதால் படிப்பு நின்றுபோன சிப்பாய்களுக்காக 1942-ல் ஏற்படுத்திய பரீட்சை அது. இன்று எல்லோருக்கும் பொது. அந்தப் பரீட்சைக்கு வேண்டிய பாடத்தைக் கல்லூரியே சொல்லிக்கொடுக்கிறது. எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர் என்றால் அங்கிருந்தே தொடங்குவார்கள். மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஆகவே வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே வயதுடையவர்கள் அல்ல. பதினெட்டு வயது வாலிபன் ஒரு பெஞ்சில் இருப்பான். பக்கத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்த தாய் இருப்பாள். ஆலை மூடியதால் வேலை இழந்த நாற்பது வயதுக்காரர் நோட்டும் பேனாவுமாக இருப்பார். பகலில் வேலை செய்கிறவர்களுக்கு மாலை வகுப்பு உண்டு.

தாயும் மகளும் ஒரே கல்லூரியில் படிப்பது இப்படிப்பட்ட இடங்களில் அதிசயம் இல்லை. அதைப் பார்த்து யாரும் சிரிப்பதும் இல்லை.

இரண்டு வருஷப் படிப்பு முடிந்ததும் இரண்டு பாதைகள். தொழில் படித்தவர் வேலைக்குப் போகலாம். மேலே படிக்க விரும்புகிறவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்தில் சேரலாம். முதல் இரண்டு வருஷத்தை வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே முடித்துவிட்டதால் செலவு பாதியாகிவிடும். 2016-ம் ஆண்டிலிருந்து, பள்ளிப் படிப்பை முடித்ததும் சமுதாயக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு ஒரிகன் மாநில அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து வருகிறது.

கப்பலே வகுப்பறை!

இந்தக் கல்லூரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கடல் படிப்பு. ஊருக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில் அதற்கென்று ஒரு தனி இடம் வைத்திருக்கிறார்கள். கல்லூரிக்குச் சொந்தமாகப் பயிற்சிக் கப்பலும் வைத்து நடத்தினார்கள். அதன் பெயருக்குத் தமிழில் “முன்னோடி” என்று பொருள்.

இங்கே கரும்பலகையோடு பாடம் முடிவதில்லை. கயிறு முடியக் கற்க வேண்டும். கடல் வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். ராடார் கருவியைப் படிக்க வேண்டும். எஞ்சினைப் பிரித்து மாட்ட வேண்டும். பிறகு கப்பலேறிச் சுக்கானைப் பிடிக்க வேண்டும்.

உயிர் காக்கும் பாடம் மிக முக்கியம். உலகம் முழுவதும் பெரிய கப்பல்களில் வேலை செய்கிற மாலுமிகளுக்கு 1978-ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி நான்கு விஷயங்களைக் கட்டாயம் கற்றிருக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தால் பிழைப்பது எப்படி? கப்பலில் தீப்பிடித்தால் அணைப்பது எப்படி? காயம் பட்டவருக்கு முதல் உதவி செய்வது எப்படி? உடன் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து வராமல் நடந்துகொள்வது எப்படி? இந்த நான்கையும் இங்கே பயிற்சியாகவே செய்து காட்டச் சொல்கிறார்கள். தீ அணைக்கும் பயிற்சிக்கு நிஜமாகவே தீ மூட்டுகிறார்கள்.

இந்தப் பக்கத்துக் கடல் கோடையிலும் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு என்ன ஆகும் என்பதற்கு மாலுமிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். “ஒன்று, பத்து, ஒன்று” என்பது அந்தக் கணக்கு.

முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும். பயந்து வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். அமைதியாக இருந்து மூச்சை நிதானப்படுத்த வேண்டும். அடுத்த 10 நிமிடம் வரைதான் கையும் விரலும் சொன்னபடி கேட்கும். அதற்குள் கயிற்றையோ படகையோ பற்றிக்கொள்ள வேண்டும். பிறகு கை மரத்துப்போகும். ஆனால் மிதவைச் சட்டை போட்டிருந்தால் சுமார் 1 மணி நேரம் நினைவு தப்பாமல் இருக்கலாம். அதற்குள் உதவி வரக்கூடும்.

பலர் இறப்பது குளிரால் அல்ல. முதல் நிமிடத்து மூச்சுத் திணறலால். இது தெரிந்தவன் பிழைப்பான். தெரியாதவன், நீச்சல் தெரிந்தும் மூழ்குவான்.

இதற்காகத் தலை முதல் கால் வரை மூடும் ஒரு தடித்த ரப்பர் உடை இருக்கிறது. நிறம் ஆரஞ்சு. அதைப் போட்டுக்கொண்டால் ஆள் பொம்மை மாதிரி இருப்பார். முதல் முறை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் இரண்டே நிமிடத்துக்குள் அதை மாட்டிக்கொள்ளப் பழக வேண்டும். ஆடுகிற கப்பலில், இருட்டில், அவசரத்தில் மாட்ட வேண்டிய உடை அல்லவா?

லைசென்ஸ் வாங்குவதும் லேசில்லை. பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. கடலில் கழித்த நாட்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆறு பயணிகள் வரை ஏற்றும் சிறு படகை ஓட்டும் லைசென்சுக்கே 360 நாள் அனுபவம் கேட்கிறார்கள். வலை வீசிப் பழகிய மீனவருக்கு அந்த அனுபவம் கையில் இருக்கிறது. இல்லாதது ஏட்டுப் படிப்பும் சான்றிதழும். அவற்றைக் கல்லூரி கொடுக்கிறது. மீன் குறைந்தாலும் அவர் இழுவைப் படகிலோ சரக்குக் கப்பலிலோ வேலைக்குப் போகலாம். அப்பாவிடமும் பாட்டனிடமும் கற்ற கடல் அறிவு வீண்போகவில்லை. அதற்கு ஒரு முத்திரை கிடைத்துவிட்டது.

கடலோடு முடியவில்லை

படகு இருந்தால் பழுது பார்க்க ஆள் வேண்டும். அதனால் வெல்டிங் வகுப்பு. ஊருக்கு ஆஸ்பத்திரி உண்டு. அதற்கு நர்ஸ் வேண்டும். அதனால் நர்ஸ் படிப்பு. சிறு கடை வைக்கிறவர்களுக்குக் கணக்கு எழுதவும், கடன் வாங்குமுன் யோசிக்கவும் சொல்லித்தரும் ஆலோசனை நிலையம் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள்.

அஸ்டோரியாவில் நூறு வருஷம் தாண்டிய மர வீடுகள் நிறைய. மழையோ ஓயாது. பழைய ஜன்னலையும் தூணையும் அழகு கெடாமல் பழுதுபார்க்கச் சாதாரணத் தச்சு வேலை போதாது. அதையும் ஒரு பாடமாக ஏற்றுக்கொண்டது இந்தக் கல்லூரி. பழைய வீட்டின் அழகைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அவர்களால் ஊருக்கு வருமானம். பழைய வீட்டை இடிக்காமல் காப்பாற்றத் தெரிந்தவருக்கு அதனால் வேலை!

புத்தகத்தைப் பார்த்துப் பாடத்திட்டம் போடவில்லை. ஊரைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகளில் வருகிறது. மாணவர் கட்டும் கட்டணம் ஒன்று. மாநில அரசாங்கம் கொடுக்கும் பணம் இரண்டாவது. ஊரார் கட்டும் சொத்து வரியில் ஒரு பங்கு மூன்றாவது.

நிர்வாகக் குழுவில் ஏழு பேர். அவர்களை ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, தன் வீட்டில் யாருமே படிக்காத கிழவர்கூட இந்தக் கல்லூரிக்கு வரி கட்டுகிறார். “என் பிள்ளை படிக்கவில்லையே, நான் எதற்குக் கட்ட வேண்டும்?” என்று அவர் கேட்கலாம். கேட்கிறவர்களும் உண்டு. ஆனால் அவருக்கு உடம்புக்கு வந்தால் கவனிக்கிற நர்ஸ், அவர் வீடு தீப்பிடித்தால் ஓடிவருகிற ஆள் இங்கே படித்தவராக இருக்கக்கூடும். கல்லூரிக்குப் போகாதவருக்கும் கல்லூரியால் பயன் உண்டு.

கவலையும் உண்டு

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கிராமப்புறச் சமுதாயக் கல்லூரிகளுக்கு அமெரிக்காவெங்கும் சோதனைக் காலம்.

2008-ல் அந்த நாட்டில் பெரிய பணமுடை வந்தது. வேலை போனவர்கள் கூட்டம் கூட்டமாகச் சமுதாயக் கல்லூரிகளுக்கு வந்தார்கள். 2010 வாக்கில் கூட்டம் உச்சத்துக்குப் போயிற்று. பிறகு வேலைகள் திரும்பின, வகுப்புகள் காலியாயின. 2020-ல் கொரோனா நோய் பரவியபோது இன்னும் குறைந்தது. இது ஒரு விசித்திரம்! ஊருக்குக் கஷ்டம் வந்தால் கல்லூரி நிரம்புகிறது. ஊரில் நல்ல காலம் வந்தால் கல்லூரிக்குக் கஷ்டம் வருகிறது.

மாணவர் குறைந்தால் கட்டணம் குறையும். ஆனால் செலவு குறையாது. வெல்டிங் வகுப்பில் ஆறு பேர் இருந்தாலும் இருபது பேர் இருந்தாலும் இயந்திரம் ஒன்றுதான், ஆசிரியர் ஒருவர்தான். பயிற்சிக் கப்பலுக்கு எண்ணெய் ஊற்றித்தான் ஆக வேண்டும். இலக்கியத்தைக் கற்பிப்பதைவிட இரும்பை ஒட்டக் கற்பிப்பது செலவு அதிகம். சிறிய கல்லூரிக்கு இந்தச் சுமை தாங்குவது கடினம்.

அப்படியானால் மூடிவிட்டால் என்ன? மூடினால், அடுத்த பெரிய நகரம் போர்ட்லாந்து. சுமார் 100 மைல் தூரம். பணமும் துணிச்சலும் உள்ள பிள்ளைகள் போவார்கள். போனவர்களில் பலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். போக முடியாதவர்கள் யார்? கைக்குழந்தை உள்ள தாய். படகுக் கடன் பாக்கி உள்ள மீனவர். நோயாளிப் பெற்றோரை விட்டு நகர முடியாத மகள். அவர்களுக்கு 100 மைலும் ஒன்றுதான். 10,000 மைலும் ஒன்றுதான்.

ஊர்க் கல்லூரி மூடப்பட்டால் வெளியூர் போகக்கூடியவனுக்கு நஷ்டம் கொஞ்சம். போக முடியாதவனுக்கு எல்லாமே நஷ்டம்.

இந்தியாவிலும் வந்தது

இந்தச் சமுதாயக் கல்லூரி யோசனை கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தது. 1995-ல் புதுச்சேரியிலும், 1996-ல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. பள்ளிப் படிப்பை விட்டவர்கள், ஏழைப் பெண்கள், வேலையில்லாத வாலிபர்கள் ஆகியோருக்குத் தொழிலும், பேசிப் பழகும் திறமையும் கற்பித்து வேலைக்கு அனுப்புவது அவற்றின் நோக்கம். பிறகு தமிழ்நாட்டில் பல ஊர்களில் இவை பரவின. மத்திய அரசாங்கத்தின் பல்கலைக்கழக மானியக் குழுவும், 2012-ம் ஆண்டுக்குப் பிறகு இருக்கிற கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி நடத்தப் பணம் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது.

அமெரிக்காவில் உள்ளதற்கும் இங்கே உள்ளதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே அது இரண்டு வருஷப் பட்டம் கொடுக்கும் தனிக் கல்லூரி. ஊர் வரிப் பணம் அதற்கு உண்டு. இங்கே பெரும்பாலும் குறுகிய காலத் தொழிற்பயிற்சி. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். படிப்பில் பின்தங்கியவரைப் பார்த்து “உனக்கு வயது போய்விட்டது” என்று சொல்லாமல், “எங்கே விட்டாய்? அங்கிருந்து தொடங்கலாம்” என்று சொல்வது.

அஸ்டோரியாவின் மூன்று தொழில்களும் வெளியிலிருந்து வந்த முதலாளிகளை நம்பியிருந்தன. இயற்கை கொடுத்ததை எடுத்து விற்றன. எடுக்க எடுக்கக் குறைந்தன. படிப்பு அப்படி அல்ல. நர்ஸ் வேலை கற்ற பெண் அதை நூறு பேருக்குச் செய்தாலும் அவள் கற்றது குறைவதில்லை. வயதான மாலுமி தான் அறிந்ததை இருபது வாலிபருக்குச் சொல்லிக்கொடுத்தால், கடல் தெரிந்தவர் இருபத்தோரு பேர் ஆகிறார்கள்.

முகத்துவாரத்து மணல் மேடு இன்றும் இருக்கிறது. 1885-ல் தொடங்கிக் கருங்கல் சுவர்கள் கட்டி ஆற்றைக் கட்டுப்படுத்தினார்கள். ஆனாலும் ஆபத்து அடியோடு போகவில்லை. வெளிநாட்டுக் கப்பல்கள் இந்த இடத்தைத் தாண்ட, வழி தெரிந்த உள்ளூர் மாலுமி ஒருவர் ஏறி வந்து வழிகாட்ட வேண்டும் என்பது இன்றும் சட்டம். எத்தனை பெரிய கப்பலாக இருந்தாலும், எத்தனை கருவிகள் இருந்தாலும், அந்தத் தண்ணீரைத் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதரைப் போன்றவர்களை உண்டாக்குவதற்கு, அந்தத் தண்ணீரின் கரையிலேயே ஒரு பள்ளி இருப்பது நல்லதுதானே!